சத்தமில்லாத வீட்டு மாப்பிள்ளை

இப்போதெல்லாம் ஒருவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பது அம்புரோசின் கட்சி. முன்பு கரையில் நின்று ஒருவன் பேசினால் தோணியில் இருப்பவனுக்குக் கேட்கும். இன்றைக்கு உள்ள ஆட்கள் வெற்றிலையை மெல்வதுபோல வார்த்தையை மென்று, பாதியை விழுங்கிவிட்டு, மீதியை எங்கேயோ பார்த்துக்கொண்டு துப்புகிறார்கள். முகத்துக்கு நேரே பேசாதவன் எதையோ மறைக்கிறான். பஸ் கண்டக்டர் அப்படி, ரேஷன் கடைக்காரன் அப்படி, மாதா கோயிலில் பூசை வைக்கிற சாமியார்கூட இப்போது அப்படித்தான்.

“எல்லாரும் ஒழுங்காத்தான் பேசுதாவ. ஒங்களுக்குத்தான்...” என்று அவர் மனைவி பிலோமி ஆரம்பிப்பாள். அவர் முறைத்ததும் நிறுத்திக்கொள்வாள். விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் சங்கு குளிக்கப் போன இடத்தில், கடலுக்கடியில், அம்புரோசின் இடது காது வெடித்துவிட்டது. ரத்தம் நின்றது, காது திரும்பக் கேட்கவில்லை. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. காது போனவன் என்று தெரிந்தால் தோணியில் ஏற்ற யோசிப்பார்கள் என்பது அப்போதைய பயம். குளிப்பை விட்ட பிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது: எந்தப் பக்கம் செத்த காது என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் அந்தப் பக்கமாக நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் பர்னபாஸ் வந்து அவருடைய இடது பக்கமாகத்தான் உட்கார்ந்தான். கூடச் சங்கு குளித்த பழைய கூட்டாளி. அம்புரோஸ் உடம்போடு திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“ஏலே அம்புரோசு, நாளைக்குத்தான ஒம் மவளுக்கு ஓலை வாசிக்காவ?”

“ஆமா. அதுக்கென்ன?”

“மாப்பிள்ளப் பயலுக்கு மண்ட சரியில்லலே.”

“எவன் சொன்னான்?”

“எவன் சொல்லணும்? எங் கண்ணால பாத்தேன். சன்னல் வழியா. ரெண்டு சிரட்டைய எடுத்துக் காதுல கவுத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கான். வீட்டுல ஒரு அனக்கம் இல்ல. ஆனா இவன் தலைய ஆட்டுதான், தொடையத் தட்டுதான், சிரிக்கான். பொறவு பாத்தா கண்ணத் தொடைக்கான்லே!”

“கப்பல்ல போற பய. குடிச்சிருப்பான்.”

“குடிச்சிருந்தா நான் எதுக்கு வாரேன்? சந்தோசமால்லா வீட்டுக்குப் போயிருப்பேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிலோமியும் கிளாடிசும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். கிளாடிஸ் ஒரே மகள். வந்த வரன்களுக்கெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், இந்த இனிகோவுக்கு மட்டும்தான் வாயைத் திறந்து ‘சரி’ என்றாள். அதனால்தான் அம்புரோசும் தலையாட்டியிருந்தார்.

ஆனால் ஓலை என்பது விளையாட்டு இல்லை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊருக்கே வாசிப்பார். மூன்று ஞாயிறு வாசிப்பார். ஒரு தடவை வாசித்துவிட்டு நிறுத்தினால் பையனுக்கு ஒன்றுமில்லை. அவன் கப்பல் ஏறிவிடுவான். பெண்தான் அந்த வாசிப்பைச் சாகிற வரைக்கும் சுமப்பாள். நிறுத்துவதாக இருந்தால் இன்றைக்கே, சாயங்கால மணி அடிப்பதற்குள் நிறுத்த வேண்டும்.

அம்புரோஸ் சட்டையை மாட்டினார்.

“விசாரிச்சிட்டு முடிவு பண்ணுங்க. போன ஒடனே சண்ட போடாதீங்க,” என்றாள் பிலோமி. கிளாடிஸ் வாசல் வரைக்கும் வந்து, அவர் செருப்பைத் திருப்பி வைத்தாள்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இனிகோவின் வீடு. சந்துக்குள் நுழைந்ததுமே அமைதியாக இருந்தது. இனிகோ வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இறந்து, முப்பதாம் நாள் பூசை இன்னும் ஆகவில்லை. அது ஆகும்வரை அந்தச் சந்தில் யாரும் ரேடியோவைத் திறக்க மாட்டார்கள். பெண்கள்கூடச் சண்டையைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்துக்கொள்வார்களே தவிர வீட்டு வாசலில் வைத்துக்கொள்வதில்லை.

அம்புரோஸ் நேரே கதவுக்குப் போகவில்லை. அவரும் சன்னலுக்குத்தான் போனார்.

பர்னபாஸ் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. இனிகோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பிடரி வரை முடி. காதுகளில் கறுப்பாக இரண்டு மூடி, தலைக்கு மேல் ஒரு வளையம். கண் மூடியிருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று அவன் விரல் காற்றில் எதையோ தொட்டது. தொட்டு, தொட்ட இடத்திலேயே நின்றது, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போனவன் கைபோல.

அம்புரோஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“வாங்கண்ணே, வாங்க,” என்று இனிகோவின் அம்மா இசபெல்லா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். புருஷன் இல்லாதவள். கல்யாணப் பேச்சையெல்லாம் தனியாகப் பேசி முடித்தவள். “உக்காருங்க. சொல்லியனுப்பியிருந்தா...”

“தங்கச்சி, ஒம் மவன் எதுக்கு அழுதான்?”

இசபெல்லா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் இனிகோ அவரைப் பார்த்துவிட்டு, மூடிகளைக் கழற்றி, எழுந்து, கைலியை இழுத்துக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றான்.

“மாமா! பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன் மாமா.”

“எங்கன பாட்டு? நான் சன்னல்ல நின்னுல்லா வாரேன். கொசு பறந்தாக் கேக்கும், ஒண்ணும் கேக்கலையே.”

“இதுக்குள்ள மட்டுந்தான் கேக்கும் மாமா. ஹெட்போன். பக்கத்துல துக்க வீடு. சத்தமா வச்சா மரியாத இல்லல்லா.”

அது சரியான பதில்தான். ஆனால் சரியான பதிலைச் சட்டென்று சொல்பவனை அம்புரோஸ் என்றைக்குமே நம்பியதில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் ஒரு பெட்டி, அதில் பச்சையாக ஒரு விளக்கு. பக்கத்தில் கறுப்புத் தட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, அதன்மேல் நாரை மூக்கைப்போல ஒரு கை. சுவரோரம் அட்டை அட்டையாகத் தட்டுகள். ஒரு அட்டையில் கறுப்பு மனிதன் ஒருவன் கன்னம் உப்பக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தான். ஒன்றில் ஒரு பெண் ரயில் பாதையோரம் கிட்டாரோடு நின்றாள், செருப்பில்லாமல். இன்னொன்றில் ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் நீலம்.

“பேரு கூடப் போடாம விக்கானா?”

“உள்ள என்ன இருக்குன்னு கேட்டாத்தான் தெரியும் மாமா. எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஐரோப்பாவுல ஒரு துறைமுகம். குளிருன்னா குளிரு, மழை வேற. ஒதுங்கத்தான் ஒரு கடைக்குள்ள போனேன். ரெக்கார்டுக் கடை. அங்கன வாங்குறதுக்கு முன்ன இத மாட்டிக் கேக்கலாம். கடைக்காரரு என்னப் பாத்து என்ன நெனச்சாரோ, எங் காதுல மாட்டிவிட்டாரு. மழை விட்டது தெரியல, கப்பலுக்குப் போற வண்டி போனது தெரியல. நடந்தே துறைமுகத்துக்குப் போனேன் மாமா, நனஞ்சுக்கிட்டு. அன்னைக்குப் பிடிச்சது.”

‘பிடிச்சது’ என்ற வார்த்தை அம்புரோசுக்குப் பிடிக்கவில்லை. பேய்க்கும் அதே வார்த்தைதான்.

“எனக்கு மாட்டு.”

“மாமாவுக்கா?”

“ஏன், எங் காது காதில்லயா?”

இனிகோ அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கறுப்பு மனிதன் படம் போட்ட அட்டையிலிருந்து தட்டை எடுத்தான். ஓரத்தை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்து, பிறந்த பிள்ளையை எடுப்பதுபோல எடுத்தான். மூடிகளை அவர் காதில் மாட்டினான். அவற்றிலிருந்து வந்த வயர் அவருடைய இடது தோளில் வழிந்து கிடந்தது. ஊசி இறங்கியது.

டக் டக் டக் என்று யாரோ தகரத்தைத் தட்டினார்கள். கூடவே தடித்த நரம்பை யாரோ இழுத்து இழுத்து விட்டார்கள். அவ்வளவுதான். தட்டினான், இழுத்தான். தட்டினான், இழுத்தான். எதிரே இனிகோ முகம் மலர நின்று, சத்தமாகச் சொன்னான்: “இப்ப ஊதுதான் பாருங்க மாமா. இந்த எடம்!”

அம்புரோஸ் கவனித்துக் கேட்டார். தகரம்தான். நரம்புதான்.

“இன்னும் மேல போவான் பாருங்க... ஆ!” என்று இனிகோ சொன்னான். மூடியிலிருந்து கசிந்த ஈ முரலும் சத்தத்தை வைத்தே அவனுக்கு இடம் தெரிந்தது.

பர்னபாஸ் சொன்னது மெய். இந்தப் பயலுக்கு இல்லாத ஊதல் கேட்கிறது. பார்க்க நல்ல பயல், தாயை மதிக்கிறவன், குடியில்லை. என்ன இருந்து என்ன? அம்புரோஸ் மூடிகளைக் கழற்றி மடியில் வைத்தார்.

“ஏலே, ஊதுறவனே இதுல இல்லயேடா.”

“மாமா?”

“தட்டுதான், சரி. நரம்ப இழுக்கான், சரி. எவன் ஊதுதான்?” குரல் அவருக்கே தெரியாமல் இறங்கியது. “எத்தன நாளா ஒனக்கு இப்படிக் கேக்கு?”

இசபெல்லாவுக்கு அவர் வந்த காரியம் அப்போதுதான் பிடிபட்டது. அவள் அவர் மடியிலிருந்த மூடிகளைப் பறிக்காத குறையாக எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

“ஊதுதானேண்ணே! தொண்ட கிழிய ஊதுதான். மாதா மேல ஆணையா ஊதுதான்.”

தாய்க்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா, அல்லது தாயும் மகனும் சேர்ந்து நடிக்கிறார்களா? அம்புரோஸ் எழுந்துவிட்டார். “தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத. நான் சாமியாரப் பாத்து ஓலைய...”

“மாமா, ஒரு நிமிசம்.”

இனிகோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் நின்ற அம்மா பேசும்போது அவர் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பியதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மேசைக்குப் பின்னால் குனிந்தான்.

“வயருல கோளாறு மாமா. அப்பப்ப இப்படித்தான். ஊதுறது ஒரு மூடியில, தட்டுறது மறு மூடியில. ஒரு பக்கம் செத்துரும்.” பின்னால் எதையோ திருகுவதுபோலத் தோள் அசைந்தது. “இப்பப் பாருங்க. ஒரே ஒரு தடவ. பொறவு ஒங்க இஷ்டம்.”

மூடிகளைத் திரும்ப மாட்டிவிட்டான். அம்புரோஸ் வாழ்நாள் முழுக்கக் கயிற்றை நம்பிக் கடலில் இறங்கியவர். கயிறு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை அவர் கண் தானாகவே பார்த்துக்கொள்ளும். வயர் இப்போது வலது தோளில் கிடந்தது. வயரில் கோளாறு இல்லை. பயல் மூடியை இடம் வலமாக மாற்றி மாட்டியிருக்கிறான்.

அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஊசி இறங்கி, தூரத்தில் மழை வருவதுபோல ஒரு இரைச்சல். பிறகு ஊதல் வந்தது.

வெளியிலிருந்து வரவில்லை. தலைக்குள்ளேயே, புருவத்துக்கும் பிடரிக்கும் நடுவில், எவனோ எழுந்து நின்று ஊதினான். அம்புரோஸ் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். திருவிழாப் பேண்டு அவர் கேட்டிருக்கிறார், நாதசுரம் கேட்டிருக்கிறார், துறைமுகத்தில் கப்பல் சங்கு கேட்டிருக்கிறார். அதெல்லாம் ஊருக்காக ஊதுவது. இவன் யாருக்காகவும் ஊதவில்லை. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று தன் வீட்டு வாசலிலேயே நிற்பவனைப்போல ஒரு இடத்தைத் தொட்டான், விட்டான், திரும்ப வந்து தொட்டான். ஊதுவதற்கு முன் அவன் உதட்டை நனைப்பதுகூடக் கேட்டது. இத்தனை பக்கத்தில் பிலோமிகூட அவரிடம் பேசியதில்லை.

பிறகு அவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஒரே ஊதல். நூல்போல நீண்டது. அம்புரோஸ் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தார். கடலடியில் மூச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு: முதலில் நெஞ்சு காற்றுக் கேட்கும், பிறகு தொண்டை கேட்கும், பிறகு வயிறு சுண்டி இழுத்துக் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது, சுகமாக இருக்கும். அங்கேதான் ஆள் செத்துப்போவான். நெஞ்சைத் தாண்டினார். ஊதல் போய்க்கொண்டிருந்தது. தொண்டையைத் தாண்டினார். ஊதல் நடுங்கவில்லை, இன்னும் மெலிந்து, இன்னும் மேலே ஏறியது, அடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்தால் தெரியுமே வெயில் நடுக்கம், அதைத் தொடப் போவதுபோல. வயிறு சுண்டியது. அம்புரோஸ் வாயைப் பிளந்து காற்றை இழுத்தார். அவர் இழுத்து, விட்டு, திரும்பவும் இழுத்த பிறகும் அவன் ஊதிக்கொண்டே இருந்தான்.

மூச்சில் அவரை ஜெயித்தவன் இந்தக் கரையில் இல்லை. கீழவைப்பாரிலிருந்து ஆலந்தலை வரைக்கும் இல்லை.

“யம்மாடி,” என்றார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள்.

கண்ணில் நீர் முட்டியது. மூச்சுத் திணறியதால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

“மொதல்ல தட்டினானே, அவன் எங்க போயிட்டான்?”

இனிகோ, இரண்டு மூடியிலும் எல்லாமே கேட்கும்படி, பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினான். தகரம் தட்டியவனும் நரம்பு இழுத்தவனும் வந்து ஊதுகிறவனோடு சேர்ந்துகொண்டார்கள். முன்பு வெறும் டக் டக் என்று கேட்டது இப்போது வேறு. தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அடியில் இருப்பவனைப் பார்க்க முடியாது, ஆனால் கைக்குத் தெரியும். அப்படித்தான் இவர்கள் அவனைப் பிடித்திருந்தார்கள். அவன் எவ்வளவு தூரம் போனாலும் விடவில்லை.

அப்போது இசபெல்லா ஏதோ கேட்பதும், இனிகோ அவள் பக்கம் குனிந்து பதில் சொல்வதும் தெரிந்தது. அம்புரோஸ் வலது மூடியைப் பிடுங்கி இழுத்தார்.

“அம்மைட்ட என்னல சொன்ன?”

“காப்பி போடச் சொன்னேன் மாமா.”

சொல்லிவிட்டான். கட்டாயம் சொல்லியிருப்பான். ‘கெழவனுக்கு ஒரு காது அவுட்டு, அதான் வெசயம்’ என்று. தன் மேல் வந்த பழி போக அதைவிட எளிய வழி ஏது? பைத்தியம் என்ற பெயரோடு எவன் சும்மா இருப்பான்? நாளைக்குச் சந்து முழுக்கத் தெரியும், நாளைக் கழித்துப் பர்னபாசுக்குத் தெரியும்.

இனிகோ தட்டை மாற்றினான். செருப்பில்லாத பெண் பாடினாள். என்ன பாஷையோ, என்ன துக்கமோ. பக்கத்து அறையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு தனக்குத் தானே முனகுபவளைப்போலப் பாடினாள். அவள் விரல் கம்பியில் வழுக்கும் கிறீச்சுக்கூடக் கேட்டது. ஆண்பிள்ளை உட்கார்ந்து கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்பதுபோல அம்புரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டார். ஆனால் கழற்றவில்லை. அடுத்து அந்த வெறும் நீலம். அதில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முழங்கினார்கள். ஆனி மாதக் காற்றில் பாயைக் கட்டிய கயிறு அறுந்து தோணி முழுக்க அடித்துத் துவைப்பதுபோல இருந்தது.

“யாரு யாரப் போட்டு அடிக்கா?”

“சண்ட இல்ல மாமா, சந்தோசம்.”

“இதா சந்தோசம்?” என்றார். காலின் பெருவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து அது திரும்ப ஆரம்பித்தது.

பாட்டு முடிந்து மூடிகளைக் கழற்றி வைத்தார். இசபெல்லா காப்பியோடு வந்தாள். வந்தவள் அவருடைய இடது பக்கத்தில் நின்று, டம்ளரை நீட்டி, மெதுவாக ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

அம்புரோஸ் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

காது விஷயம் தெரிந்தவள் அந்தப் பக்கம் நிற்க மாட்டாள். நின்றாலும் கத்திப் பேசுவாள். அல்லது பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பாள். இவள் முகத்தில் பயம்தான் இருந்தது, மகன் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். பயல் சொல்லவில்லை. பைத்தியம் என்ற பெயரைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வயரில் கோளாறு என்று மேசைக்குப் பின்னால் குனிந்திருக்கிறான்.

“அம்மா சீனி போதுமான்னு கேக்கா மாமா,” என்றான் இனிகோ. வலது பக்கமாக வந்து, சாதாரணமாக.

“போதும்,” என்றார் அம்புரோஸ். ஒரு வாய்தான் குடித்திருந்தார். காப்பியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “தங்கச்சி, நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வந்திரு. ஓலை வாசிக்கும்போது பின்னால நிக்காத. எங்க வீட்டு ஆளுவளோட முன்னால நில்லு.”

இசபெல்லா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனிகோ வாசல் வரை கூடவே வந்தான். சந்தில் வெயில் தாழ்ந்திருந்தது. அம்புரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

“ஏலே, நெசத்தச் சொல்லு. அந்த ஊதுறவன் மனுசனா?”

“மனுசன்தான் மாமா. இருக்காரு. ஒரு தடவ நேர்ல ஊதுறதப் போய்ப் பாத்தேன்.”

“நடுவுல எங்கயாவது மூச்சு வாங்கினானா?”

“அந்த எடத்துல வாங்கல மாமா. ஒரே மூச்சு.”

“பொய்.”

“சத்தியமா மாமா.”

“சத்தியம் பண்ணாத, கலியாணம் பண்ணப் போறவன். ரெண்டு மூச்சு ஊதிட்டு மிசின்ல ஒட்டியிருப்பான். வெள்ளக்காரன் எதையும் ஒட்டுவான்.”

“ஊதுறவரு வெள்ளக்காரரு இல்லயே மாமா. இன்னொரு தட்டு இருக்கு. அதுல அவரு இதவிட...”

“இதவிடயா? போலே அங்கிட்டு!”

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். துக்க வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். சந்து முனையில் நின்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்தார். பிடித்துக்கொண்டே கடற்கரைச் சாலையில் நடந்தார், ஐஸ் கம்பெனியைத் தாண்டி, தோணிகள் கட்டிக் கிடக்கும் இடம்வரை. அங்கே புஸ்ஸென்று விட்டார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“முடியாதுளா,” என்றார் அவளிடம். “ஒரு மனுசனால முடியவே முடியாது.” அவள் என்னவென்று கேட்பதற்குள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.